காளானுக்கு மறுநாள் முயல்

1893 செப்டம்பர் 3. ஸ்காட்லாந்தின் டங்கெல்டு ஊரில், டே ஆற்றங்கரையில் ஈஸ்ட்வுட் என்றொரு வீடு. கோடையைக் கழிக்க லண்டனிலிருந்து வந்த பணக்காரக் குடும்பம் ஒன்று அதை வாடகைக்கு எடுத்திருந்தது. அந்தக் குடும்பத்தின் இருபத்தேழு வயது மகள் அன்று ஒரு காளானை வரைந்தார். பைன் மரக்காயின் செதில்களைப் போலக் கருத்த அடுக்குகள் படர்ந்த குடை. ஆங்கிலத்தில் அதைக் காட்டுக் கிழவன் என்பார்கள். ஸ்ட்ரோபிலோமைசஸ் ஸ்ட்ரோபிலேசியஸ் என்பது அறிவியல் பெயர். அந்தப் பகுதியில் எளிதில் கண்ணில் படாத இனம்.

மறுநாள் செப்டம்பர் 4. அதே வீட்டிலிருந்து, தம் பழைய ஆசிரியையின் மகனான ஐந்து வயது நோயல் மூருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பையன் நோயில் படுத்திருந்தான். எழுத வேறு செய்தி இல்லாததால் நான்கு முயல்குட்டிகளைப் பற்றிக் கதை சொல்லி, வரிகளுக்கு நடுவே பேனாவால் படமும் போட்டார். உலகமெங்கும் குழந்தைகள் அறிந்த பீட்டர் ராபிட் பிறந்தது அந்த எட்டுப் பக்கங்களில்தான். அதற்கும் மறுநாள், நோயலின் தம்பி எரிக்குக்கு இன்னொரு கடிதம் போயிற்று. அதில் மீன் பிடிக்கப் போகும் ஒரு தவளை வந்தது.

காளான், முயல், தவளை. அடுத்தடுத்த மூன்று நாட்கள். பியாட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றி நான் படித்ததில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை இந்த மூன்று தேதிகள். ஏனென்றால் அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறொரு வரிசையில் சொல்கிறார்கள்: அவர் விஞ்ஞானியாக விரும்பினார், ஆண்களின் சங்கம் கதவைச் சாத்தியது, மனமுடைந்து குழந்தைக் கதைகளின் பக்கம் திரும்பினார் என்று. மனத்தைத் தொடும் வரிசைதான். ஆனால் சங்கத்தில் நடந்தது 1897இல். முயல் பிறந்தது 1893இல். காளானை வரைந்த தூரிகை காயும் முன்பே முயலை வரையப் பேனாவை எடுத்தவர் அவர். ஒன்று கிடைக்காததால் மற்றொன்று என்ற கணக்கு அங்கே பொருந்தவில்லை. இரண்டையும் செய்தது ஒரே கண். பிற்காலத்தில் ஆட்டு மந்தையைத் தரம் பார்த்ததும் அதே கண்தான் என்பது என் எண்ணம்.

ஹெலன் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866 ஜூலை 28 அன்று லண்டனின் தெற்குக் கென்சிங்டனில், போல்டன் கார்டன்ஸ் இரண்டாம் எண் வீட்டில் பிறந்தார். தந்தை ரூபர்ட் பாட்டர் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர்; புகைப்படம் எடுப்பதில் பெரும் ஈடுபாடு உள்ளவர். தாய் ஹெலன் லீச். இரு பக்கத்துச் செல்வமும் லங்காஷயர் வட்டாரத்துப் பருத்தித் தொழிலில் சேர்த்தது. நம் ஊர்த் தறிகளைச் சாய்த்த ஆலைத்துணி வந்த அதே வட்டாரம். தாத்தா எட்மண்ட் பாட்டர் துணிக்குப் பூவேலை அச்சிடும் பெரிய ஆலை வைத்திருந்தார்.

அந்தக் காலத்துச் செல்வர் வீட்டு வழக்கப்படி பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே ஆசிரியைகள் வந்தார்கள். மூன்றாம் மாடியில் படிப்பறை. ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ரம்தான் ஒரே கூட்டு. அந்த அறைக்குள் இருவரும் சேர்த்துவைத்தது ஒரு சிறு காடு. முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, பாம்பு, வௌவால் எல்லாம் அங்கே வளர்ந்தன. உயிரோடு இருந்தவரை அவற்றுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சினார்கள். செத்ததும் சிலவற்றைக் கொதிக்க வைத்துச் சதையை நீக்கி, எலும்புகளைக் கோத்து நிறுத்தி வரைந்தார்கள். பெர்ட்ரம் விடுதிப் பள்ளிக்குப் போனபோது வளர்ப்பு வௌவால் ஒன்றை அக்காவிடம் விட்டுச் சென்றான். அதைக் காப்பாற்ற முடியாத நிலை வந்ததும் அக்கா அதைக் கொன்று, அளவெடுத்து, பாடம் செய்துவைத்தார்.

படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் அந்த அன்பின் தன்மை அதுதான். விலங்கைத் தன் பொம்மையாக ஆக்கிக்கொள்ளாத அன்பு; தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் ஓயாத அன்பு. பின்னாளில் அவர் வரைந்த முயல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட, சட்டைக்குள் ஒரு முயலின் முதுகெலும்பு வளைந்திருப்பதை நாம் உணர்கிறோம் என்றால், அந்தப் படிப்பறையில் கோக்கப்பட்ட எலும்புகள்தான் காரணம்.

தந்தையின் நண்பர் ஜான் எவரெட் மில்லே, அக்கால இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஓவியர். அவருக்காக ரூபர்ட் புகைப்படங்கள் எடுத்துக் கொடுப்பதுண்டு. வரையத் தெரிந்தவர் பலர் உண்டு, ஆனால் இந்தப் பெண்ணுக்கு உற்று நோக்கும் திறன் இருக்கிறது என்று மில்லே சொன்னதைப் பாட்டர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. பள்ளிக்குப் போகாதது நல்லதாயிற்று, போயிருந்தால் தன் தனித்தன்மை தேய்ந்திருக்கும் என்ற பொருளில் பின்னாளில் அவரே எழுதியும் இருக்கிறார்.

1871 முதல் 1881 வரை கோடைதோறும் குடும்பம் ஸ்காட்லாந்தின் டால்கைஸ் மாளிகையில் தங்கியது. 1882இல் அந்த வீடு கிடைக்காமல் போக, இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குப் போனார்கள். விண்டர்மியர் ஏரிக்கரையில் ரே காசில் என்ற மாளிகை. உள்ளூர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி அந்த மலைகளையும் ஏரிகளையும் ரயில்பாதைக்கும் கட்டடங்களுக்கும் பலிகொடுக்கக் கூடாது என்று போராடிக்கொண்டிருந்தவர். 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். பதினாறு வயதுப் பெண்ணின் ஓவியங்களை அவர் மதித்துப் பார்த்தார். அந்தக் கோடையின் விளைவு அறுபது ஆண்டுகள் கழித்து ஓர் உயிலில் வெளிப்பட்டது.

பதினைந்து வயதிலிருந்து முப்பது வயது வரை பாட்டர் தானே உருவாக்கிய சங்கேத எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். பொடிப் பொடியான எழுத்து. அவர் இறந்து பல ஆண்டுகள் வரை ஒருவராலும் படிக்க முடியவில்லை. லெஸ்லி லிண்டர் என்ற பொறியாளர், பாட்டரின் படைப்புகளைச் சேகரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர், வருடக்கணக்கில் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டினார். 1958இல் ஒரு பக்கத்தில் ரோம எண் பதினாறும் 1793 என்ற ஆண்டும் அவர் கண்ணில் பட்டன. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி தலை வெட்டப்பட்ட ஆண்டு அது. அந்த ஒரு நூலிழையைப் பிடித்து முழுச் சங்கேதத்தையும் அவிழ்த்தார். நாட்குறிப்பு 1966இல் நூலாக வந்தது. அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஓவியக் கண்காட்சி, அரசியல், உறவினர் பேச்சு, முயலின் சேட்டை, கடைசி ஆண்டுகளில் பக்கம் பக்கமாகக் காளான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் பதினைந்து ஆண்டுகள் ஏன் ஒளித்து எழுதினார்? தன் சொந்தக் கருத்தை யாருடைய அனுமதியும் கேட்காமல் வைத்துக்கொள்ள, அந்த வீட்டில் அவருக்கு அதைத் தவிர வேறு அறை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காளானில் அவருக்கு வழிகாட்டியவர் ஒரு தபால்காரர். சார்லஸ் மெக்கின்டாஷ், டங்கெல்டுக்கு அருகே இன்வர் ஊர்க்காரர். இளமையில் மர அறுவை ஆலையில் ஒரு கையின் விரல்களை இழந்தவர். பிறகு தபால் சுமந்து நாள்தோறும் மைல்கணக்கில் நடந்தார். நடந்த வழியில் கண்ட பாசியையும் பெரணியையும் காளானையும் கற்றுத் தேர்ந்தார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத மனிதர், ஆனால் அந்த வட்டாரத்துத் தாவரங்களைப் பற்றி அவரைக் கேட்டுத் தெளிந்தவர்கள் உண்டு. டால்கைஸ் நாட்களில் சிறுமியாக இருந்தபோதே அவர் தபால் கொண்டுவருவதைப் பாட்டர் பார்த்திருக்கிறார். 1892 அக்டோபரில்தான் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கூச்ச சுபாவம் இருவருக்கும். காளான் பேச்சு தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது.

அன்று தொடங்கியது ஒரு பண்டமாற்று. மெக்கின்டாஷ் காளான்களைப் பொட்டலம் கட்டி லண்டனுக்குத் தபாலில் அனுப்புவார். பாட்டர் அவற்றை வரைந்து, ஒரு பிரதியை அவருக்கு அனுப்புவார். அழகாக வரைந்தால் மட்டும் போதாது, இனத்தைத் தீர்மானிக்கக் குறுக்குவெட்டும் அடிப்பக்கத்துச் செவுள்களும் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு பாட்டரின் தாள்கள் மாறின. முழுக் காளான், பக்கத்திலேயே நெடுக வெட்டிய பாதி, வேறொரு மூலையில் இளம் மொட்டு, நுண்ணோக்கியில் பெரிதாகத் தெரிந்த வித்துகள். இந்த ஓவியங்கள் இன்று ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் நூலகத்திலும் பெர்த் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பூஞ்சையியல் அறிஞர் ஃபிண்ட்லே 1967இல் வெளியிட்ட காளான் கையேட்டில், பாட்டர் வரைந்த 59 படங்கள் விளக்கப்படங்களாகச் சேர்ந்தன. வரைந்து எழுபது ஆண்டுகள் கழித்தும் காட்டில் காளானை அடையாளம் காண உதவும் அளவுக்கு அவை சரியாக இருந்தன.

வரைவதோடு அவர் நிற்கவில்லை. வித்து எப்படி முளைக்கிறது என்று வீட்டுச் சமையலறையில் முளைக்க வைத்துப் பார்த்தார். அத்தையின் கணவர் சர் ஹென்றி ராஸ்கோ பெயர்பெற்ற வேதியியலாளர். 1896இல் அவர் பாட்டரைக் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். இயக்குநர் திசெல்டன்-டயரிடமிருந்து வரவேற்பு குளிர்ச்சியாகவே இருந்தது. அங்கே பூஞ்சைகளைக் கவனித்துவந்த ஜார்ஜ் மாசி முதலில் நம்பாவிட்டாலும் பிறகு வித்து முளைப்பதில் ஆர்வம் காட்டினார். செவுள் காளான்களின் வித்துகள் முளைப்பதைப் பற்றி பாட்டர் எழுதிய கட்டுரை, 1897 ஏப்ரல் 1 அன்று லின்னியன் சங்கத்தின் கூட்டத்தில் மாசி வழியாக முன்வைக்கப்பட்டது. பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் இடம் இல்லை. எழுதியவரே கூட்டத்துக்குப் போக முடியாது. சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. நாட்குறிப்போ அதற்கு இரண்டு மாதம் முன்பே, 1897 ஜனவரி 31உடன் நின்றுவிட்டது.

சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1904 வரை ஆயிற்று. நூறு ஆண்டு கழித்து, 1997இல், பாட்டரை நடத்திய விதம் சரியில்லை என்று அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த அநீதியை ஈடுசெய்வதாக நினைத்துச் சிலர் அவர் தலையில் இல்லாத மகுடங்களையும் வைக்கிறார்கள். லைக்கன் என்பது ஒற்றை உயிரல்ல, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் கூட்டு என்று ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஷ்வெண்டனர் 1860களின் இறுதியில் சொன்னார். பிரிட்டனில் அதை முதலில் உணர்ந்தவர் பாட்டர் என்று ஒரு கூற்று பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் நாட்குறிப்போ வேறு சொல்கிறது: ஷ்வெண்டனரின் கொள்கையைத் தாம் நம்பவில்லை என்ற கருத்தையே அதில் எழுதியிருக்கிறார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதற்கும், வளர்ப்பில் வேறு பூஞ்சைகள் கலந்துவிட்டன, இன்னும் சோதனை தேவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பூஞ்சையியலாளர் சிலர் கருதுகிறார்கள்.

இதனால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. பாடநூல் வழி வராத ஒருவர், தபால்காரரின் துணையோடும் வீட்டு நுண்ணோக்கியோடும் நூற்றுக்கணக்கான இனங்களைத் துல்லியமாகப் பதிவு செய்தார் என்ற உண்மை தன் காலில் நிற்கும். அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கட்டுக்கதை வேண்டாம்.

கதைகளுக்கு வருவோம். 1890இலேயே தன் முயல் பெஞ்சமினை மாதிரியாக வைத்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஆறு பவுண்டுக்கு விற்றிருக்கிறார். 1900 வாக்கில், மூர் வீட்டுக் குழந்தைகள் பத்திரமாக வைத்திருந்த கடிதங்கள் புத்தகமாகலாம் என்று அவர்களின் தாய் ஆனி சொன்னார். பாட்டர் நோயலிடமிருந்து முயல் கடிதத்தை இரவல் வாங்கிப் படியெடுத்து விரிவாக்கினார். பதிப்பாளர்கள் பலர் மறுத்தார்கள். பெரிய அளவில், அதிக விலையில் போடலாம் என்றார்கள். பாட்டர் இசையவில்லை. குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்க வேண்டும், ஒரு ஷில்லிங்குக்கு மேல் போகக் கூடாது. முயல்குட்டிகளால் ஆறு ஷில்லிங் கொடுக்க முடியாது என்று மூர் வீட்டுச் சிறுமிக்கு எழுதினார். கடைசியில் சொந்தச் செலவில் 1901 டிசம்பரில் 250 பிரதிகள் அச்சிட்டார். அதன்பின் ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனம் முன்வந்தது. வண்ணப் படங்களுடன் 1902 அக்டோபரில் வந்த பதிப்பின் 8,000 பிரதிகளும் வெளியாகும் முன்பே விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆண்டே பீட்டர் பொம்மையைத் தன் கையால் தைத்து வடிவமைப்பைப் பதிவும் செய்துகொண்டார். எதைப் பிறர் திருடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சிறு புத்தகங்களில் உடை என்ன வேலை செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். விலங்குக்கு மனித உடை போட்டுக் கதை சொல்வது அவருக்கு முன்பே பழகிப்போன வழக்கம். பாட்டரின் கதைகளில் மட்டும் உடை எப்போதும் கழன்றுகொண்டே இருக்கிறது. மெக்ரெகர் என்ற மனிதரின் தோட்டத்தில் பீட்டர் இரண்டு காலில் நிமிர்ந்து முள்ளங்கி தின்கிறான். துரத்தல் தொடங்கியதும் செருப்பு போகிறது. நான்கு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. சட்டைப் பொத்தான் வலையில் மாட்டுகிறது. சட்டையை விட்டுவிட்டால்தான் உயிர். பூனைக்குட்டி டாம் விருந்தாளிகளுக்காகத் திணிக்கப்பட்ட உடைக்குள் பொத்தான் தெறிக்க உருள்கிறான். அந்த உடைகளை எடுத்து மாட்டிக்கொண்ட வாத்துகளும் குளத்தில் இறங்கியதும் இழந்துவிடுகின்றன. சலவைக்காரி முள்ளெலி டிக்கி-விங்கிளின் தொப்பியைத் துளைத்துக்கொண்டு முட்கள் வெளியே நிற்கின்றன. இந்தக் கதைகள் மனிதரைப் போல நடக்கும் விலங்குகளைப் பற்றியவை என்று சொல்வது பாதிதான் சரி. மனிதர் போர்த்திய துணிக்குள்ளிருந்து விலங்கு எப்படித் தன் உடம்புக்குத் திரும்புகிறது என்பதைத்தான் அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சாவையும் அவர் குழந்தையிடமிருந்து மறைக்கவில்லை. பீட்டரின் அப்பா மெக்ரெகர் வீட்டில் உணவாகிப்போனார் என்ற செய்தி முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. வாத்து ஜெமைமாவை நரியிடமிருந்து காப்பாற்ற வந்த நாய்க்குட்டிகளே, தடுப்பதற்குள் அவள் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. காப்பாற்றியவர்களும் நாய்கள்தானே. வௌவாலைப் பாடம் செய்த கை எழுதிய கதைகள் இவை. குழந்தைகள் அவற்றை நம்புவதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வார்ன் நிறுவனத்தில் இந்தப் புத்தகங்களைக் கவனித்துக்கொண்டவர் நார்மன் வார்ன். வாரம் தவறாத கடிதங்களில் தாளின் நிறம், படத்தின் இடம், ஒரு சொல்லின் பொருத்தம் என்று தொடங்கிய பேச்சு நட்பாகிக் கனிந்தது. 1905 ஜூலையில் அவர் திருமணம் செய்துகொள்ளக் கேட்டார். வியாபாரக் குடும்பத்துப் பையன் என்று பெற்றோர் எதிர்த்தார்கள். துணி ஆலைப் பணத்தில் வாழ்ந்தவர்கள். முப்பத்தொன்பதை நெருங்கிய மகள் மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம்கூட நிறைவாகக் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 25 அன்று, முப்பத்தேழு வயதில், ரத்தப் புற்றுநோயால் நார்மன் இறந்தார்.

அந்த ஆண்டின் இறுதிக்குள் லேக் டிஸ்ட்ரிக்டின் நியர் சாவ்ரி ஊரில் ஹில் டாப் என்ற 34 ஏக்கர் பண்ணை பாட்டரின் பெயரில் இருந்தது. புத்தக வருமானமும் அத்தை விட்டுச்சென்ற சிறு தொகையும் சேர்ந்து வாங்கியது. பெற்றோரைக் கவனிக்க லண்டனில் இருந்தாக வேண்டும். மாதத்தில் சில நாள்தான் பண்ணைக்கு வர முடிந்தது. பண்ணையை நடத்திய ஜான் கேனனின் குடும்பத்துக்காக வீட்டை நீட்டிக் கட்டினார். 1906 முதல் 1913 வரை பன்னிரண்டு சிறு கதைப் புத்தகங்கள் வந்தன. அவற்றுள் சிறந்த சில அந்த வீட்டிலும் முற்றத்திலும் நடப்பவை. சாமுவேல் விஸ்கர்ஸ் எலி வந்துபோகும் மாடிப்படி, ஜெமைமா நடந்துபோகும் தோட்ட வாசல் எல்லாம் இன்றும் அங்கே இருக்கின்றன. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டுப் பார்க்கும் மக்களை அந்த வீடு வரவேற்கிறது.

நிலம் வாங்க வாங்க உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் உதவி தேவைப்பட்டது. ஹாக்ஸ்ஹெட் ஊரின் வில்லியம் ஹீலிஸ். 1913 அக்டோபர் 15 அன்று, நாற்பத்தேழு வயதில், பாட்டர் அவரை மணந்தார். அதன் பிறகு ஊரில் அவர் திருமதி ஹீலிஸ். அந்தப் பெயரால் அழைக்கப்படவே அவர் விரும்பினார். புத்தகங்கள் குறைந்தன, கண்பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. வாழ்க்கை வரலாற்றாளர் சிலர் இந்த முப்பது ஆண்டுகளை எழுத்து ஓய்ந்த காலம் என்று விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய பெரிய படைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஹெர்ட்விக் என்பது லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் ஆட்டினம். குட்டி பிறக்கும்போது கறுப்பு. வளர வளர முகம் வெளுத்து, கம்பளி சாம்பல் நிறமாகும். கம்பளி முரடு, சந்தையில் விலை போகாது. ஆனால் மழையையும் பனியையும் தாங்கி, மற்ற ஆடுகள் வாழ முடியாத உச்சிகளில் மேயும். அந்த உச்சிகளுக்கு வேலி கிடையாது. பல ஊர் மந்தைகளும் மேயும் பொது நிலம். வேலி இல்லாமலே ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள் நிற்கிறது. தாய் ஆடு தான் மேயும் இடத்தைக் குட்டிக்குக் காட்டிக்கொடுக்கிறது, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் இந்த நினைவுக்கு உள்ளூரில் ஹீஃப் என்று பெயர். ஆகவே அங்கே பண்ணை கைமாறினால் மந்தை நிலத்தோடே நிற்கும். குத்தகைக்காரர் போகும்போது வந்தபோது இருந்த எண்ணிக்கையை விட்டுச்செல்ல வேண்டும். மந்தையை விற்றுவிட்டால் புது ஆடு வாங்கிவிடலாம், அதன் ஞாபகத்தை வாங்க முடியாது. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி மந்தைகள் கொல்லப்பட்டபோது அந்த மலைவாசிகளை உலுக்கிய அச்சம் இதுதான்.

இதைப் பாட்டர் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார். 1920களின் நடுவில் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய மலைப்பண்ணையை வாங்கினார். சுமார் 2,000 ஏக்கர், ஈரநிலம். ஈரல் புழுவால் மந்தை நலிந்து கிடந்தது. சேற்று நத்தையின் உடம்புக்குள் வளர்ந்து, புல் வழியாக ஆட்டுக்குள் புகும் ஒட்டுண்ணி அது. வித்து முளைப்பதை இரவெல்லாம் பார்த்தவருக்கு அப்படிப்பட்ட உயிர்ச்சுழற்சி புதிதல்ல. டாம் ஸ்டோரி என்ற இளம் இடையரைத் தேடிப்பிடித்து வேலைக்கு அமர்த்தினார். குட்டி ஈனும் பருவத்தில் ஆண்டுதோறும் வந்த ஜோசப் மாஸ்கிராப் என்ற இடையருக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கூலி பேரம், நாய், பனி, செத்த குட்டி, பிழைத்த குட்டி என்றே அவை போகின்றன. 1930களில் அவருடைய பெண் ஆடுகள் உள்ளூர்க் கண்காட்சிகளில் பரிசு மேல் பரிசு வாங்கின. ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கம் 1944ஆம் ஆண்டுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கூட்டத்துக்குள் விடாத லின்னியன் சங்கத்தை நினைத்துக்கொள்ளாமல் இதைப் படிக்க என்னால் முடியவில்லை. படிப்பாளிகளின் சங்கம் தராத நாற்காலியை இடையர்களின் சங்கம் தந்தது.

நிலத்துக்காகப் போராடவும் அவர் தயங்கவில்லை. விண்டர்மியர் ஏரியில் நீர்விமானங்கள் வந்து இரைந்தபோது 1912இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், கையெழுத்துச் சேகரித்தார். 1927இல் அந்த ஏரிக்கரையின் காக்ஷாட் முனையைக் கட்டடங்களிலிருந்து காக்க, பீட்டர் ராபிட் படங்களைத் தன் கையால் மீண்டும் ஐம்பது வரைந்து கையெழுத்திட்டு அமெரிக்க வாசகர்களுக்கு விற்றார். 1930 வாக்கில் மங்க் கோனிஸ்டன் எஸ்டேட் விற்பனைக்கு வந்தது. சுமார் 4,000 ஏக்கர். விட்டிருந்தால் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். முழுவதையும் அவரே வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்து, அவர்களுக்காகச் சில ஆண்டுகள் நிர்வாகமும் செய்தார். முயல் சம்பாதித்த பணம் மலையை மீட்டது என்று சொன்னால் அது அணி அல்ல, வரவுசெலவுக் கணக்கு.

அவர் காத்தது மனிதர் தொடாத காட்டை அல்ல. கல்சுவரும் பட்டியும் ஓடையும் மேய்ச்சலும் இடையரும் சேர்ந்த, உழைப்பு படிந்த நிலத்தை. இன்றைய சூழலியலாளர் சிலர் ஆடுகளே அந்த மலைகளை மொட்டையாக்கின, இளமரம் எழ விடுவதில்லை என்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆடு மேயும் சரிவில் மரக்கன்று நிலைப்பது கடினம். பாட்டரும் தம் தோப்புகளில் கன்றுகள் நட்டார், வேலியிட்டுக் காத்தார். ஆனால் மலை ஒருபக்கம், மலையில் வாழ்பவர் ஒருபக்கம் என்று பிரித்துப் பார்க்க அவரால் முடிந்ததில்லை. டங்கெல்டின் காளானை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் தபால்காரர், டிரவுட்பெக்கின் ஆட்டைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இடையர்கள். இயற்கையை அவர் கற்றது அதனோடு பிழைப்பு நடத்தியவர்களிடமிருந்து.

1943 டிசம்பரில், நோய் முற்றியிருந்தபோது, மாஸ்கிராப்புக்கு விடைபெறும் கடிதம் ஒன்று எழுதினார். டிசம்பர் 22 இரவு நியர் சாவ்ரியில் இறந்தார். நான்காயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பல பண்ணைகளும் குடில்களும் மந்தைகளும் நேஷனல் டிரஸ்டுக்குப் போயின. உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது: மலைப்பண்ணைகளில் நிலத்தோடு நிற்கும் மந்தை கலப்பில்லாத ஹெர்ட்விக்காகவே இருக்க வேண்டும்.

அஸ்தியைத் தூவும் வேலையை டாம் ஸ்டோரியிடம் ஒப்படைத்திருந்தார். ஹில் டாப்புக்கு மேலே ஓர் இடம். எங்கே என்று யாருக்கும் சொல்லக் கூடாது. ஸ்டோரி மலையேறிப் போய்த் தூவிவிட்டு வந்தார், ஊரில் சொல்லவில்லை. ஆடுகளுக்குச் சினை பிடித்திருந்த பருவம் அது. ஏப்ரலில் அந்தச் சரிவுகளில் கறுப்புக் குட்டிகள் பிறந்து, தாய்கள் காட்டிய இடத்தில் மேயத் தொடங்கின.